கல்லூரிக்கு ஆயத்தப் பாடம்

ரப்பர்த் தூளுக்கு ஒரு வாசனை உண்டு. புதுப் பென்சிலின் மர வாசனையைப் பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். நான் சொல்வது அதுவல்ல. வேறு யாரோ அழுத்தி எழுதிவிட்டுப் போன பென்சில் எழுத்தை ஒரு வாரம் முழுக்க உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்து அழிக்கும்போது, சூடேறிய ரப்பரிலிருந்து கிளம்பி மூக்கில் ஒட்டிக்கொள்கிற, லேசாகத் தீய்ந்த அந்த நாற்றம். இன்றைக்கும் என் வகுப்பில் ஒரு பிள்ளை எதையாவது பரபரவென்று அழித்தால் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவேன். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? ஒன்றுமில்லை. ஆனாலும் அதன்மேல் எரிந்து விழுந்திருக்கிறேன், பிறகு வருத்தப்பட்டிருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் ஓசூரில், ராயக்கோட்டை சாலையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரண்டு அறை வீட்டில் குடியிருந்தோம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தொழிற்பேட்டை வந்த புதிதில் ஐ.டி.ஐ. சான்றிதழோடு ரயிலேறி வந்து ஒரு கம்பெனியின் ‘டூல் ரூமில்’ சேர்ந்தவர். அம்மா ராயக்கோட்டைக்காரி. வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழுமாக வளர்ந்து, தமிழில் ஐந்தாவது வரைக்கும் படித்து, கல்யாணத்தின்போது ஞானஸ்நானம் வாங்கியவள். நான் மூத்தவள், எஸ்தர். என்னைவிட நான்கு வயது இளையவன் தம்பி தானியேல். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் போன சபை, ஒரு பழைய கோழிப்பண்ணைக் கொட்டகையில் நடந்தது. மழைக்காலத்தில் எவ்வளவு பினாயில் போட்டுக் கழுவினாலும் கோழி நாற்றம் போகாது.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது சரஸ்வதி பூஜை வந்தது. வகுப்பில் எல்லோருக்கும் பொரி கொடுத்தார்கள், எனக்கும் கொடுத்தார்கள், தின்றேன். இதுதான் நான் செய்தது. தானியேல் வீட்டுக்கு வந்து அதைச் சந்தோஷமாகச் சொல்லிவிட்டான், ஏனென்றால் அவனும் தின்றிருந்தான். அப்பா கம்பெனியில் ஆயுத பூஜை அன்று ‘லேத்’துக்குச் சந்தனம் வைத்து முடிக்கும் வரை வெளியே வெயிலில் போய் நிற்கிற மனிதர். அந்த வாரமே எங்கள் இருவரின் ‘டி.சி.’யையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். தலைமையாசிரியர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். ஒரு கைப்பிடிப் பொரிக்கு என் பள்ளிக்கூடம் போயிற்று என்று நான் சொன்னால் இன்றும் யாரும் நம்புவதில்லை, கதை விடுகிறேன் என்று நினைக்கிறார்கள்.

பதிலுக்கு என்ன வந்தது தெரியுமா? மூன்று அட்டைப்பெட்டி. பெங்களூரில் ஊழியம் செய்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனபோது, தங்கள் பிள்ளைகள் வீட்டிலேயே படித்து முடித்த பாடப் புத்தகங்களை எங்கள் சபைப் பாஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போனது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நிறத்தில், தலையணை உறைபோல மெலிசாக, நூற்றுக்கும் மேல் புத்தகங்கள். ஆசிரியர் வேண்டாம், படித்து, அதிலேயே விடை எழுதி, விடைப் புத்தகத்தை வைத்து நாமே திருத்திக்கொள்ளலாம். பெட்டியின் மேல் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை அப்பா எங்களுக்குத் தமிழில் சொன்னார்: “கல்லூரிக்கு ஆயத்தப் பாடம். பாத்தீங்களா? அட்டையிலயே காலேஜ்னு போட்டிருக்கான்லா!” அட்டையில் காலேஜ் என்று போட்டிருந்ததால் நாங்கள் காலேஜுக்குப் போய்விடுவோம் என்று அந்த மனிதர் நம்பினார். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தப்பினால் இரும்பையே தூக்கிப் போடுகிறவர், மகள் படிப்பை மட்டும் பெட்டி அட்டையைப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

அந்தப் புத்தகங்களில் எல்லா விடையும் ஏற்கெனவே எழுதியிருந்தது. முதலில் அதையெல்லாம் அழிக்க வேண்டும். நானும் தானியேலும் ஒரு வாரம் தரையில் உட்கார்ந்து அழித்தோம். அந்த வெள்ளைக்காரப் பையன் பென்சிலை உளி மாதிரி அழுத்துகிறவன் போலிருக்கிறது. அழித்த பிறகும் பள்ளம் நின்றது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் விடை தெரிந்தது. “பாக்கக் கூடாது, ஆண்டவர் பாக்காரு” என்றார் அப்பா. நான் எழுதி முடித்ததும் தானியேலுக்காக என் எழுத்தையும் அழிக்க வேண்டும் என்பதால் எனக்குப் பென்சிலை மெல்லப் பிடித்து எழுதச் சொல்லிக் கொடுத்தார். மூன்று வருஷம் நான் எழுதியது எதுவும் நிற்கக் கூடாது என்றே எழுதினேன், யோசித்துப் பாருங்கள்.

கம்பெனியில் கழித்த பெட்டிப் பலகையைக் கொண்டுவந்து அப்பா இரண்டு மேஜை செய்தார், நடுவில் ஒரு தடுப்பு. மேஜைக்கு ஒரு சின்னத் துணிக்கொடி. சந்தேகம் வந்தால் கொடியைத் தூக்கி வைக்க வேண்டும், மேற்பார்வையாளர் வந்து தீர்த்துவைப்பார் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. எங்கள் மேற்பார்வையாளர் அம்மா! ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை தெரியாது. கொடியைப் பார்த்ததும் மாவுக் கையோடு ஓடிவருவாள், புத்தகத்தைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். “அப்பா வரட்டும்” என்பாள். அப்பா இரண்டாம் ‘ஷிஃப்ட்’ போகும் வாரங்களில் எங்கள் கொடிகள் நாளெல்லாம் அப்படியே நின்றுகொண்டிருக்கும். பக்கத்து வீட்டு ஷகிலா, என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள், அவள் வாப்பா சந்தையில் மிளகாய் மண்டி வைத்திருந்தார், ஜன்னலில் எட்டிப் பார்த்து, “இன்னாடி, உங்க வூட்ல எலெக்‌ஷனா?” என்று கேட்பாள்.

ஆனால் திருத்துவது அம்மாதான். விடைப் புத்தகத்தை இடதுபுறம் விரித்து, என் புத்தகத்தை வலதுபுறம் விரித்து, இடது சுட்டுவிரலை அங்கே ஒரு எழுத்தின் கீழும் வலது சுட்டுவிரலை இங்கே ஒரு எழுத்தின் கீழும் வைத்து, வடிவத்துக்கு வடிவம் பார்த்துக்கொண்டே போவாள். வட்டம், வட்டம். கொக்கி, கொக்கி. ஒரே அர்த்தத்தில் வேறு வார்த்தை எழுதியிருந்தால் சிவப்புப் புள்ளி விழும். “அம்மா, இதுவும் சரிதாம்மா” என்றால், “சரியோ தப்போ எனக்கின்னா தெரியும்? அதுல இருக்கிற மாதிரி இதுல இல்ல. அதே மாதிரி எழுது” என்பாள். ஆகவே அதே மாதிரி எழுதக் கற்றுக்கொண்டேன். எல்லாவற்றிலும் நூறு, தொண்ணூற்றெட்டு. பனியில் சறுக்குவண்டி ஓட்டுவதையும், எங்கோ கப்பலில் போய் இறங்கியவர்கள் வான்கோழி தின்றதையும் நூற்றுக்கு நூறு எழுதினேன். காவிரி எங்கே பிறக்கிறது என்று அந்த மூன்று வருஷத்தில் என்னை யாரும் கேட்கவில்லை.

பெட்டி தீர்ந்தது. எனக்குப் பதினாறு முடிந்திருந்தது. அப்பா லீவு போட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், பாஸ்டர் கையெழுத்துப் போட்ட மதிப்பெண் தாளோடு என்னைக் கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அலுவலகத்தில் இருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை; உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். “சார், பத்தாவது மார்க் ஷீட்டு எங்க? பிளஸ் டூ எங்க? இத்த வெச்சிக்கினு நான் இன்னா சார் பண்றது? புள்ள நல்லா படிக்கிற புள்ளயா தெரியுது. மொதல்ல பிரைவேட்டா பத்தாவது எழுத வையுங்க” என்றார். அப்பாவின் காது சிவந்துபோனது. திரும்பி வரும் பஸ்ஸில் ஓசூர் வரை அந்த மதிப்பெண் தாளையே மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் ஒன்று பளிச்சென்று புரிந்துவிட்டது: நான் எட்டாவது படித்தவள். மூன்று வருஷமாக எட்டாவதிலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் சபையின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே ‘சாட்சி நேரம்’ என்று ஒன்று உண்டு. யாருக்கு என்ன நன்மை கிடைத்ததோ அதை எழுந்து சொல்வார்கள். நாளாக ஆக, கிடைத்ததைச் சொல்வது போய், கிடைக்க வேண்டியதைக் கிடைத்துவிட்டதாகச் சொல்லும் வழக்கம் வந்திருந்தது. ஜெபித்தாயா, அது கிடைத்துவிட்டது என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிடு, சொல்லிவிட்டால் நடக்கும், சொன்ன பிறகு அதற்காக வேறு வழி தேடினால் அது ‘அவிசுவாசம்’. காய்ச்சல் அடிக்கும்போதே குணமானதாகச் சாட்சி சொல்லிவிட்டு நடுங்கிக்கொண்டு உட்காருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஞாயிறு அப்பா எழுந்தார். “என் மகள் எஸ்தருக்குக் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது” என்றார். கொட்டகையே அல்லேலூயா என்றது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் பாயைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வருஷம் ஷகிலாதான் எனக்குத் தனித்தேர்வர் விண்ணப்பத்தை வாங்கிவந்தாள். அவள் அப்போது பிளஸ் டூ. தன் பத்தாவது புத்தகங்களை மிளகாய்ச் சாக்கில் கட்டி எடுத்துவந்து கொடுத்தாள், ஒவ்வொரு பக்கத்தைப் புரட்டும்போதும் எனக்குத் தும்மல் வரும். விண்ணப்பத்தில் எல்லாம் எழுதிவிட்டேன். பெற்றோர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. கடைசி நாளுக்கு முந்தைய நாள் அப்பா முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

“இது என்னது?”

“பத்தாவது பரீட்சைப்பா. இது எழுதினாத்தான் காலேஜ்.”

“ஏ பிள்ள, நான் சாட்சி சொல்லியாச்சு” என்றார். கத்தவில்லை, கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். “இனிமே இதுல கையெழுத்துப் போட்டா நான் ஆண்டவரையே பொய்யராக்குன மாதிரி ஆகிப்போவும்லா. நீ சும்மா இரு. அவரு பாத்துக்கிடுவாரு.” தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். காலையில் முதல் ஷிஃப்டுக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றுதான் கடைசி நாள்.

நான் அழுதேன், சும்மா இல்லை, மேஜைக் கொடியின் கம்பியைப் பிடுங்கி வளைத்து எறிந்துவிட்டு அழுதேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். “அந்தத் தாள எடு” என்றாள். பிறகு, “அப்பா கையெழுத்துப் போட்ட பழைய தாள் ஒண்ணு எடு” என்றாள். எதற்கு என்று எனக்குப் புரிவதற்குள் இரண்டையும் என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவிட்டாள். ஜெபத்துக்குப் போடுவதுபோல முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். இடது சுட்டுவிரல் அங்கே, பேனா இங்கே. வட்டம், கொக்கி, நீண்ட கோடு, கடைசியில் அப்பா இழுக்கும் அந்த வால்.

“இது பாவந்தான்” என்றாள். “எனக்குத் தெரியும். நீ வாய மூடிக்கினு போய்க் குடுத்துட்டு வா.” பெட்டியிலிருந்த என் டி.சி.யையும் எடுத்துக் கையில் கொடுத்தாள். ஷகிலா அன்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு என்னோடு வந்தாள்.

பரீட்சை நாட்களில் அம்மா இரண்டு பொய் சொன்னாள்: எஸ்தர் ராயக்கோட்டையில் தாத்தாவுக்குத் தக்காளி பிரிக்கப் போயிருக்கிறாள் என்று ஒன்று, எஸ்தருக்கு முடியவில்லை, ஷகிலா வீட்டில் படுத்திருக்கிறாள் என்று ஒன்று. அதுவரை அவள் வாயில் பொய் வந்து நான் கேட்டதில்லை. முடிவு வந்த அன்று ஷகிலாதான் பேப்பரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். தமிழில் நாற்பத்தொன்று, கணக்கில் எண்பத்தாறு என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று பேப்பரில் என் பரீட்சை எண் இருந்தது, அது போதும். அம்மா அப்பாவுக்குக் காப்பியைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “பத்தாவது பாஸ் ஆயிட்டா.”

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கையெழுத்து யாருடையது என்று அவர் கேட்கவில்லை. தான் போடவில்லை என்பது அவருக்குத் தெரியாதா? கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும். பதில் வந்தால் சாட்சி கெட்டுப்போகும். அதனால் கேட்காமல் அப்படியே முழங்காலில் நின்று கண்ணீர் விட்டு ஜெபித்தார். என் கோபமெல்லாம் அந்தக் கேட்காத கேள்வியின் மேல்தான். பொரிக்காக டி.சி. வாங்கியதைக்கூட மன்னித்துவிடலாம், அது மடத்தனம். இது மடத்தனம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி எழுந்தார். எந்தப் பள்ளிக்கூடமும் போகாமல், வீட்டிலிருந்தே ஆயத்தப் பாடம் படித்து, தன் மகள் அரசாங்கப் பரீட்சையில் தேறிவிட்டாள், ஆண்டவர் சொன்னதைச் செய்துவிட்டார் என்றார். மிளகாய்ச் சாக்கில் வந்த புத்தகம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெண்கள் பக்கத்தில் அம்மா முக்காட்டோடு உட்கார்ந்து ஆமென் சொன்னாள். நானும் சொன்னேன். பாஸ்டர் என்னை முன்னால் அழைத்து நிறுத்தி, “இந்தப் பிள்ளையைப் பாருங்கள்” என்றார். பார்த்தார்கள். எனக்குப் பிளஸ் ஒன்னில் சேர வேண்டும், அப்பா சிரித்த முகமாக இருக்கும்போதே சேர்ந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் மனதில் ஓடியது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சேர்ந்தேன். பிறகு அதே கிருஷ்ணகிரிக் கல்லூரிக்கும் போனேன்.

அந்த ஜூன் மாதத்தில் சபையில் நான்கு குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளின் டி.சி.யை வாங்கின. எங்கள் வீட்டுப் பெட்டிகள் கொட்டகைக்குப் போயின. சனிக்கிழமை தோறும் ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து என் எழுத்தை அழித்தார்கள். நான் மெல்ல எழுதியிருந்ததால் சுலபமாக அழிந்தது. அவர்களில் ரூத் என்று ஒரு வாயாடி, நாலாவது முடித்திருந்தவள், என்னைக் கண்டால் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வாள். அவர்களுக்குப் பரீட்சை இல்லை. பெட்டி தீர்ந்ததும் வீட்டில் இருந்தார்கள், பிறகு வேலைக்குப் போனார்கள். தானியேலுக்கும் அப்படித்தான். அவனுக்கு வயது வந்தபோது நான் அம்மாவிடம் இன்னொரு தரம் கையெழுத்துப் போடச் சொன்னேன். “ஒரு தரம் பண்ணிட்டன். அதுக்கோசரம் நான் தெனமும் படுறது எனக்குத்தான் தெரியும். திரும்ப என்னால ஆவாது” என்றாள். நான் வற்புறுத்தவில்லை, எனக்குக் கல்லூரியில் பரீட்சை இருந்தது. தானியேல் இன்றைக்கு ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறான். என்மேல் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொண்டு தொலைத்தால் என்ன என்று சில சமயம் தோன்றும்.

அப்பா சாகும்வரை அந்தச் சாட்சியைச் சொன்னார். அம்மா அவருக்கு முன்னாலேயே போய்விட்டாள். ராயக்கோட்டை சாலை அகலமானபோது எங்கள் வீடு போனது. கோழிப்பண்ணைக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை. பாஸ்டர் வேறு ஊருக்குப் போனார், பெட்டிகளைக் கடைசியில் யார் எடைக்குப் போட்டார்கள் என்றுகூடத் தெரியவில்லை. நான் ஓசூரிலேயே ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஜூன் மாதத்தில் சேர்க்கை விண்ணப்பங்களை நிரப்பித் தருவது என் வேலை.

இந்த ஜூனில் வரிசையில் ரூத் வந்தாள், மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க. ஒரு கம்பெனியில் ‘பேக்கிங்’ செக்‌ஷன். சீருடைச் சட்டையோடு ஷிஃப்டுக்கு நடுவில் வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அதே மாதிரி கையைப் பிடித்துக்கொண்டாள். “எஸ்தரக்கா! ஏ பாப்பா, இவங்கதான்டி நான் சொல்வனே, அந்த அக்கா. இவங்கள முன்னாடி நிக்க வெச்சிக் காட்டித்தான் எங்கப்பா என்னை ஸ்கூல்லருந்து நிறுத்துனாரு.” சிரித்துக்கொண்டே சொன்னாள், குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் நான் ஏதாவது சமாளித்திருப்பேன். எனக்கு என்ன வந்ததோ, அத்தனை பேர் நிற்கும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: ஷகிலாவின் புத்தகம், விண்ணப்பம், அம்மா போட்ட கையெழுத்து.

ரூத் என் கையை விட்டாள். மகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“அத்த அன்னிக்கே அங்க நின்னு சொல்லியிருந்தா இன்னாக்கா?” என்றாள்.

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். விண்ணப்பத்தில் தாயின் கல்வித் தகுதி என்ற கட்டம் காலியாக இருந்தது. நான் குனிந்து, பேனாவை அழுத்தி, நான்காம் வகுப்பு என்று எழுதினேன்.